மொட்டை மாடிக் கம்பிகள்

மொரீஷியஸ் என்றதும் பலருக்கும் நீலக் கடலும் தென்னையும்தான் கண்ணில் வரும். தீவின் நடுப்பகுதியில் இருக்கும் எங்கள் ஊர்களில் கடல் கிடையாது. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வாக்வா, கியூர்பிப் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேடேறும் ஊர்கள் இவை. மெட்ரோவில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் தெரிவதெல்லாம் தட்டையான கான்கிரீட் மாடிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு சோலார் வெந்நீர்க் கருவி, கொடியில் துணி, அப்புறம் மூலைக்கு மூலை வானத்தைப் பார்த்து நிற்கும் துருப்பிடித்த கம்பிகள்.

அந்தக் கம்பிகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். எங்கள் வீட்டில் ஒரு வருடம் ஓடிய சண்டை அதைப் பற்றியதுதான்.

கீழ்த்தளம் கட்டி முடித்ததும் தூணுக்குள் இருக்கும் கம்பியை இங்கே வெட்ட மாட்டார்கள். கொஞ்சம் நீளம் விட்டுவைப்பார்கள். நாளைக்கு மேலே இன்னொரு தளம் எழுப்பும்போது புதுத் தூணை அதோடு சேர்த்துக் கட்டலாம். மகனுக்குக் கல்யாணம் ஆனால் மேல்தளம் அவனுக்கு. அவன் பிள்ளைகளுக்கு அதற்கும் மேலே. கட்டி முடிக்காத வீட்டுக்கு வரி குறைவு, அதனால்தான் இப்படி விடுகிறார்கள் என்று சுற்றுலாக்காரர்களிடம் சிலர் கதை விடுவதுண்டு. எந்த வீட்டு அம்மாவிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "பையனுக்கு" என்றுதான் பதில் வரும்.

எங்கள் வீட்டை என் மாமனார் 1980களில் கட்டினார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை. இந்த நாட்டில் டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்று ஒன்று கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் ஒரு வருடம் அஸ்திவாரம், ஒரு வருடம் சுவர், ஒரு வருடம் ஜன்னல் என்று வீடு வளர்ந்திருக்கிறது. அவர் ஏன் இவ்வளவு கனமான கான்கிரீட் கூரை போட்டார் என்று புரிய வேண்டுமானால் புயல்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1960 பிப்ரவரி கடைசியில் வந்த கரோல் புயலில் தகரமும் பலகையுமாக இருந்த வீடுகள் தீவு முழுக்கப் பறந்தன. அதற்கு முந்தைய மாதம்தான் அலிக்ஸ் என்று ஒன்று வந்து போயிருந்தது. மாமனாரின் அப்பா கட்டிய தகர வீடு கரோலில் போனது. மறுபடி கட்டிய வீட்டின் பாதி 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயலில் போனது. அதன் பிறகு பிறந்த ஒவ்வொரு மொரீஷியஸ்காரனுக்கும் கான்கிரீட் என்பது கனவாகிவிட்டது. கூரை பறக்காமல் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அப்புறம்.

கூரை போடும் நாளை இங்கே "தால் கூலே" என்பார்கள். இப்போதெல்லாம் கலவை லாரி வந்து குழாய் வழியே ஊற்றிவிட்டுப் போய்விடுகிறது. அன்றைக்குச் சொந்தக்காரர், பக்கத்து வீட்டார், ஆலை நண்பர்கள் எல்லாரும் விடியற்காலையில் வந்து வரிசையாக நின்று வாளி வாளியாகக் கை மாற்றி ஊற்றுவார்களாம். இடையில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் கூரையில் ஒட்டு விழுந்துவிடும். பெண்கள் கீழே பெரிய அண்டாவில் சமைத்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்ததும் சாப்பாடு, ரம், மழை வரக்கூடாதே என்று ஒரு வேண்டுதல். என் மாமியார் இன்றைக்கும் அந்த நாளை ஒரு கல்யாணத்தைச் சொல்வது போலச் சொல்வார். யார் வந்தார், யார் வரவில்லை என்பது வரைக்கும் ஞாபகம்.

நான் காரைக்காலில் பிறந்தவள். எங்கள் ஊரில் வீடு என்றால் கட்டி முடித்து, கிரகப்பிரவேசம் நடத்தி, பால் காய்ச்சி, அத்தோடு ஒரு முற்றுப்புள்ளி. இங்கே வந்தபோது வீட்டுக்கு மேலே எட்டுக் கொத்துக் கம்பி நிற்பதைப் பார்த்து, "எப்போ முடிப்பீங்க?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "வீடு முடிந்துவிட்டது. மேலே உள்ளது எதிர்காலம்" என்றார். அவர் பேசுவது அப்படித்தான் இருக்கும். வீட்டில் இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி வளர்ந்தவர், மோக்காவில் இருக்கும் மகாத்மா காந்தி நிலையத்தில் மாலை வகுப்பில் தமிழ் படித்தவர். புத்தகத்தில் கற்ற தமிழ் ஆதலால் கடைக்குப் போகும்போதுகூட "நான் சென்று வருகிறேன்" என்பார். கல்யாணமான புதிதில் எனக்குச் சிரிப்பாக வரும். இப்போது அந்தத் தமிழ் இல்லாவிட்டால் அவரே இல்லாத மாதிரி இருக்கிறது. நிஜமாகவே கோபம் வந்துவிட்டால் மட்டும் கிரியோலுக்குத் தாவிவிடுவார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லாமல் கம்பிக் கதையைச் சொல்ல முடியாது. சொல்லியாயிற்று, மேலே போவோம்.

வீட்டில் வேலைப் பங்கீடு ஒன்று தானாகவே உருவாகிவிட்டது. சுவருக்கு உள்ளே இருப்பது அவர் பொறுப்பு. மின்சாரம், குழாய், பெயிண்ட், கதவுக் கீல் எல்லாம் அவரே பார்ப்பார். ஒரு கணக்கருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அப்பாவுக்குக் கையாளாக நின்று பழகியவர். சுவருக்கு வெளியே மண், செடி, மரம் என்னுடையது. மாடி மட்டும் யார் கணக்கிலும் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் நாங்கள் மேலே போனதே துணி காயப்போடவும் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும்தான். மற்றபடி தைப்பூசத்தன்று ஏறுவோம். வடமேற்கே கோர் தே கார்த் மலையும் அதன் சரிவில் இருக்கும் முருகன் கோவிலும் எங்கள் மாடியிலிருந்து நன்றாகத் தெரியும்.

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தது. இங்கே புயல் எச்சரிக்கையை நாலு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகுப்பு என்றால் இன்னும் ஒன்றரை, இரண்டு நாள் இருக்கிறது, ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கலாம். இரண்டு என்றால் மாடியில் கிடப்பதை எல்லாம் இறக்க வேண்டும். மூன்று என்றால் வீட்டுக்குள் இரு. மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசத் தொடங்கிவிட்டால் நான்கு. பெலால் பக்கத்துத் தீவான ரீயூனியனைத் தாக்கிவிட்டு எங்களுக்குத் தெற்கே ஒதுங்கிப் போனது, எச்சரிக்கை மூன்று வரை போனது. ஆனால் காற்றைவிட மழைதான் கெடுத்தது. ஜனவரி 15ஆம் தேதி தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்து போன படங்களை நீங்களும் பார்த்திருக்கலாம். அந்த வருடம் தைப்பூசம் 25ஆம் தேதி. காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்க வேண்டிய சமயத்தில் ஊரே சேறு வழித்துக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் வெள்ளம் கீழிருந்து வரவில்லை. படுக்கையறைக் கூரையில், தூண் சேரும் மூலையில், ஒரு கறை தோன்றியது. முதலில் தேநீர் நிறம், பிறகு துரு நிறம். அவர் ஒரு பாத்திரம் வைத்தார். பாத்திரத்தில் விழுந்தது சில சொட்டுதான். ஆனால் மழை நின்று மூன்று நாள் கழித்தும் சொட்டியது. வெயிலடிக்கும்போது வீட்டுக்குள் மழை பெய்தால் அதைவிட எரிச்சல் வேறில்லை.

மேசனைக் கூப்பிட்டோம். வயதானவர், மாமனாரோடு பழகியவர், நாங்கள் இருவரும் அவரைத் தோந்தோன், அதாவது மாமா, என்றுதான் கூப்பிடுவோம். இவருடைய முன்னோர் புதுச்சேரியிலிருந்து வந்த கொத்தனார்கள் என்று என் வீட்டுக்காரர் அடித்துச் சொல்வார். 1730களில் ஆளுநர் லாபூர்தொனே போர்ட் லூயிஸைக் கட்டும்போது புதுச்சேரிப் பக்கமிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்தது உண்மைதான். இவர் அந்த வழியா என்பதற்கு இவருடைய மூக்கைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

தோந்தோன் கூரையை ஒரு சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே போனார். கெட்டியாக இருக்கும் இடத்தில் ஒரு சத்தம், உள்ளே விட்டுப்போன இடத்தில் டொப் என்று வேறு சத்தம். அந்த மூலையில் ஓங்கி ஒரு அடி அடித்தார், ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டும் பவளத் துணுக்கும். என் படுக்கையறைக் கூரைக்குள் இத்தனை வருடமாகக் கடல் இருந்திருக்கிறது.

அப்போது எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். கரையோரக் கடலுக்குள்ளிருந்து பவள மணலை அள்ளிக் கொண்டுவந்து அதில்தான் கலவை. கடற்கரை அரிக்கிறது, பவளம் சாகிறது என்று 2001இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. இப்போது எரிமலைப் பாறையை உடைத்து அரைத்த கருமணல்தான். பழைய மணலைச் சரியாகக் கழுவாமல் போட்டிருந்தால் அதில் உப்பு இருக்கும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், கேட்டு வாங்க கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். இதுவரை புரிந்தது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தோந்தோன் எங்களை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

எட்டுத் தூண், தூணுக்கு நாலு கம்பி. ஒவ்வொரு கம்பியின் அடியிலும் கான்கிரீட்டில் முடி அளவு விரிசல். நாற்பது வருட மழை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரியில் எண்ணெய் ஏறுவதற்குப் பதில் இறங்கினால் எப்படியோ அப்படி, தூணுக்குள் இறங்கியிருக்கிறது. "இதை வெட்டி மூடாமல் நீங்கள் மேலே எதைப் பூசினாலும் காசு தண்டம்" என்றார் தோந்தோன். அவர் சொன்னது கிரியோலில். அந்தத் தொனியைத் தமிழில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

"வெட்டிடலாம்" என்றேன் நான்.

"யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார் இவர்.

அங்கே ஆரம்பித்தது. அவர் ஒருபோதும் "அப்பா விட்டுவைத்தது" என்று சொல்லவில்லை. மேலே ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்றார். விற்பதாக இருந்தால் கம்பி இருக்கிற வீட்டுக்கு விலை அதிகம் என்றார். கம்பிக்குத் துருத்தடுப்பு பூசி, மேலே பிளாஸ்டிக் தொப்பி போட்டுவிட்டால் போதாதா என்றார். எல்லாம் கணக்குப் பேச்சு. நானும் கணக்கே பேசினேன். வாடகைக்கு விட்டால் மாடிப்படி வெளியே கட்ட வேண்டும், என் முருங்கை போய்விடும். விற்கிற எண்ணம் யாருக்கு இருக்கிறது? இப்படி மாதக்கணக்கில் மாடிப்படி, மாடி வாடகை, மாடி விலை என்று பேசினோமே தவிர, அந்த மேல்தளத்தில் யார் இருப்பார்கள் என்று இருவரும் பேசவில்லை. ஒருநாள் இரவு அவர் கிரியோலில் ஏதோ கத்திவிட்டு வாசலில் போய் நின்றார். எனக்கு எல்லாம் புரிந்தது. புரியாத மாதிரி பாத்திரம் கழுவினேன்.

இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் நான் தோட்டத்திலேயே கிடந்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. இங்கே மண் தோண்டுவது லேசுப்பட்ட காரியமல்ல. தீவே எரிமலைக் குழம்பு உறைந்து வந்தது. கரும்புக் காட்டுக்கு நடுவே கோபுரம் மாதிரி கல் குவியல்கள் நிற்பதைப் பார்க்கலாம், வயலைச் சுத்தம் செய்ய எடுத்துப் போட்ட பாறைகள் அவை. எங்கள் கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் கடப்பாறை டங்கென்று நிற்கும். அந்தக் கல்லைப் புரட்டினால் அதன் கீழே அருமையான செம்மண். கல்லையெல்லாம் எடுத்துச் சுற்றி வரப்பு கட்டி, உள்ளே பாகல், அவரை, மிளகாய் போட்டிருக்கிறேன். சௌசௌ கொடி பின்சுவர் மேல் ஏறி அடுத்த வீட்டுக்குப் போய் அங்கே காய்க்கிறது. காயை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், தளிரை நான் பறித்துக்கொள்வேன். கீரை மாதிரி வதக்கினால் அந்தத் தளிருக்கு ஈடு கிடையாது. இதைக் காரைக்காலில் என் அம்மாவிடம் சொன்னால் நம்ப மாட்டாள்.

கறிவேப்பிலைக்கு எதிரி கிடையாது. கீரைப் பாத்திக்கு எதிரி நத்தை. மழை விட்ட ராத்திரியில் உள்ளங்கை அளவு ஆப்பிரிக்க நத்தைகள் ஊர்ந்து வந்து, விடிவதற்குள் ஒரு பாத்தியை மொட்டையடித்துவிடும். டார்ச்சும் வாளியுமாக அவரும் கூட வருவார். பகலில் பேசிக்கொள்ளாத நாட்களில்கூட நத்தை பொறுக்க வருவார். "இதோ ஒன்று", "அங்கே ஒன்று" என்பதைத் தவிர அப்போது பேச்சு தேவைப்படாது.

முருங்கை ஒவ்வொரு நவம்பரிலும் கிளை கழிக்கப்படும். புயல் மாதங்கள் தொடங்கிவிட்டால் அந்த மரத்தை நம்ப முடியாது, லேசான காற்றுக்கே முறிந்து ஜன்னல்மேல் விழும். முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்பார்கள். அந்தப் பழமொழியின் அடுத்த பாதி நமக்கு வேண்டாம். வெட்டிய கிளைகளை வாசலில் போட்டால் அரைமணியில் தெருவே வந்து உருவிக்கொண்டு போய்விடும். இங்கே கிரியோல் இனத்தவர், முஸ்லிம், சீனர் என்று எல்லார் வீட்டிலும் முருங்கைக்கீரைச் சாறு உண்டு. காய்ச்சல்காரருக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, சும்மா மழைநாளுக்கு, சோற்றில் ஊற்றிக்கொண்டு பக்கத்தில் ஒரு தக்காளிச் சட்னி.

லிச்சி மரம்தான் அடுத்த வழக்கு. மாமனார் நட்டது. நவம்பர் கடைசியில் சிவந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும். அதே வாரத்தில் வௌவால்களும் வந்துவிடும். இந்தத் தீவுகளுக்கே உரிய பழந்தின்னி வௌவால் அது. பழ விவசாயிகள் நஷ்டம் என்று முறையிட, 2015, 2016, 2018 ஆண்டுகளில் அரசாங்கமே ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றது. அதே 2018இல்தான் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழியும் ஆபத்து இன்னும் அதிகமுள்ள உயிர்களின் வகைக்கு மாற்றியது. காட்டு மரங்களின் விதையைக் கொண்டுபோய்ப் போடுவதே இந்த வௌவால்தான், இது போனால் காடும் போய்விடும் என்று விஞ்ஞானிகள் கத்திக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் ராத்திரி முழுக்கத் தகரத்தைத் தட்டுவார். வௌவால் பயப்படுகிறதோ இல்லையோ, நாங்கள் பயந்து எழுந்துகொள்வோம்.

நாங்கள் வலை போடுகிறோம். இதில் எங்களுக்குள் ஒப்பந்தம் உண்டு. கீழ்க்கிளைகளுக்கு மட்டும் வலை, மேல்கொப்பு வௌவாலுக்கு. இப்படி ஒரு யோசனையைச் சொன்னது அவர்தான். "அவற்றிற்கும் பங்கு உண்டல்லவா?" என்றார், அந்தப் புத்தகத் தமிழில். மேல்கொப்பை விட்டுக்கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு மேல்மாடியை விட்டுக்கொடுக்கத் தெரியவில்லையே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. வாயை அடக்கிக்கொண்டேன். வலையின் ஒரு நுனி என் கையில், மறுநுனி ஏணிமேல் நிற்கும் அவர் கையில் இருந்தது. அப்போது போய் அதையா கேட்பது?

சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வீட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். போட்டது நான். காசு, கசிவு, கம்பி, சிமெண்ட், தோந்தோன், எதுவும் கிடையாது. பேசினால் அன்றைய செலவு பேசினவருடையது. வெளியே கிளம்பிவிட வேண்டும்.

இந்த ஊரில் சாயங்காலம் வெளியே போவது என்றால் என்ன என்று சென்னையில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஆறு மணிக்குக் கடைகள் சாத்தியாகிவிடும். எங்கள் பக்கம் வியாழக்கிழமை மத்தியானமே பல கடைகளுக்கு அரை நாள் விடுப்பு. ஏழு மணிக்குத் தெருவில் நாய்களும் நாங்களும்தான். மால்களில் விளக்கு எரியும், பகத்தேல் மாலில் சினிமா இருக்கிறது, ஆனால் தமிழ்ப் படம் என்பது எப்போதாவது ஒரு பெரிய நடிகர் படம் வந்தால்தான். போர்ட் லூயிஸில் 1822இல் திறந்த நாடக அரங்கம் ஒன்று உண்டு, இந்துமாக்கடல் பக்கத்திலேயே பழையது என்று பெருமை பேசுவார்கள். பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது, பழுதுபார்க்க வேண்டிய கட்டடம் என்று. அதைத் தாண்டும்போதெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். வீட்டைப் பற்றிப் பேசத்தான் தடை, பார்ப்பதற்கு இல்லை.

ஆகவே கடற்கரை. ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்குக்குப் போய்விடுவோம். மடக்கு நாற்காலி இரண்டு, ஃபிளாஸ்கில் டீ. கரை நெடுகச் சவுக்கு மரங்கள், காற்றில் ஓயாத இரைச்சல். மேற்குக் கரை என்பதால் சூரியன் நேராகக் கடலில் விழும். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே முடிந்துவிடும், டிசம்பரில் ஏழு வரை இழுக்கும். நடுமேட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே இங்கே காய்ந்து கிடக்கும். இவ்வளவு சின்னத் தீவில் மேட்டில் பெய்வதில் கால் பங்குகூட மேற்குக் கரையில் பெய்வதில்லை. குடும்பம் குடும்பமாக வந்து அண்டாவோடு இறங்குவார்கள். யாராவது ஒரு ரவான் பறையை நெருப்பில் காட்டிச் சூடேற்றித் தட்டத் தொடங்கினால் சேகா ஆட்டம் கிளம்பிவிடும். 2014இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அதெல்லாம் தெரியாத ஒரு பாட்டி மணலில் கால் தேய்த்து ஆடுவதைப் பார்க்க வேண்டும். காலைத் தரையிலிருந்து தூக்குவதே இல்லை, இடுப்பு மட்டும் பேசும்.

சாப்பாடு வண்டியில்தான். பருப்புப் பூரணம் வைத்த மெல்லிய தால் பூரி இரண்டு, உள்ளே பீன்ஸ் குழம்பும் மிளகாய் விழுதும். அல்லது சீனர் வண்டியில் சூப்புக்குள் மிதக்கும் சௌசௌ உருண்டை. பருப்பு வடை மாதிரியே இருக்கும் காத்தோ பிமாவை இங்கே காலையில் ரொட்டிக்குள் வெண்ணெயோடு வைத்துச் சாப்பிடுவார்கள். முதல் தடவை பார்த்தபோது நெஞ்சு பதறியது, இப்போது நானே அப்படித்தான் கேட்கிறேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை, டீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் சட்டத்தை மீறினார். "அம்மா சொல்லிவிட்டார், வெட்டிவிடச் சொல்லி" என்றார். நான் அவரைப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் தோந்தோன் மறுபடி வந்து இரண்டு தூணைச் செதுக்கிக் காட்டியிருந்தார். உள்ளே கம்பி பாதி தேய்ந்து பென்சில் மொத்தமாகியிருந்தது. இந்தத் தூண்மேல் இன்னொரு தளம் ஏற்றினால் தான் அந்த வீட்டுக்குள் காலை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய மனுஷி, தால் கூலே அன்றைக்கு அண்டா கிளறியவர். மகனைக் கூப்பிட்டு, "உங்கப்பா மேலே கட்டுறதுக்கு விட்டார். ஒழுகுறதுக்கு விடல" என்றாராம். கிரியோலில் சொன்னதை அவர் எனக்காகத் தமிழாக்கினார், அதனால் மாமியார் நிஜமாகவே இவ்வளவு சுருக்கமாகச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அன்றைக்கு தால் பூரிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.

வேலையைக் குளிர்காலத்தில் வைத்துக்கொண்டோம். ஆகஸ்ட் முதல் மழை குறைவு. கிரைண்டர் போட்டுக் கம்பியை அறுக்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அறுப்பதோடு விடக் கூடாது. கான்கிரீட்டைக் கொஞ்சம் குடைந்து, கம்பியை மேற்பரப்புக்குக் கீழே வெட்டி, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, சுருங்காத கலவையால் அடைக்க வேண்டும். பிறகு மாடி முழுக்க நீர் ஓடும்படி வாட்டம் வைத்து ஒரு பூச்சு. அதன்மேல் தார் விரிப்பு, தீச்சுவாலையால் உருக்கி ஒட்டுவது, கடைசியில் வெயிலைத் திருப்பியடிக்க வெள்ளிப் பூச்சு. மாமனார் வாட்டமே வைக்கவில்லை. வைத்தால் மேல்தளத்தின் தரை சரிவாகிவிடும் அல்லவா.

கூலி கொடுக்கும்போது என் வீட்டுக்காரர் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுவார். மொரீஷியஸ் நோட்டில் தமிழிலும் தொகை எழுதியிருக்கும். 1998இல் புது நோட்டுகளில் தமிழைப் பின்னுக்குத் தள்ளி அச்சடித்ததற்கு எதிர்ப்பு கிளம்பி, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். சின்ன வயதில் அவர் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தமிழ் அதுதானாம். ஆகவே இன்றைக்கும் காசு கொடுப்பதற்கு அவருக்கு நேரம் பிடிக்கும், தோந்தோன் பொறுமையாக நிற்பார்.

வெட்டிய கம்பிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாம் என்றேன். அவர் பேசாமல் எல்லாவற்றையும் கொல்லைக்கு இறக்கி, துரு தேய்த்து, ஒரு முனையைக் கூராக்கி, அவரைப் பந்தலுக்கு நட்டுவிட்டார். அளவு ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை, பந்தல் ஒரு பக்கம் சாய்கிறது. அவரைக்குக் கவலை இல்லை. அப்புறம் நானும் மாடிக்கு நாலு தொட்டிச் செடி கொண்டுபோனேன். தொட்டிக்குக் கீழே தட்டு வைக்காதே, கொசு முட்டையிடும் என்று தகராறு. டெங்கு வந்துபோன ஊர், அவர் சொல்வது நியாயம். தட்டை எடுத்துவிட்டேன்.

இப்போது பெயிண்ட் மிச்சம். வெளிச்சுவருக்கு எலுமிச்சை மஞ்சளும் பச்சைக் கரையும் என்கிறார், இந்தத் தெருவில் பாதி வீடு அப்படித்தான் இருக்கிறது. எனக்கு வெள்ளை வேண்டும். மழை ஊரில் வெள்ளைச் சுவர் ஒரே வருடத்தில் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், எப்படியும் பச்சைதான் வரப்போகிறது என்கிறார். பெயிண்டர் திங்கட்கிழமை வருகிறார், சனிக்கிழமை கடை மூடுவதற்குள் நிறத்தைச் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமைதான் வீட்டுப் பேச்சு கூடாதே. வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து சண்டை போடுவதாக முடிவு செய்திருக்கிறோம். மாமியார் இப்போதே அவர் பக்கம்.